லண்டனில் நாடகம் பார்க்க டிக்கெட்டை எப்போது வாங்குவது: பெங்களூரிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

மகனோ மகளோ லண்டனில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று பெங்களூரில் அல்சூரிலும் உண்டு, ஒயிட்ஃபீல்டிலும் உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோரும், கோடை விடுமுறையில் ஒரு வாரம் போய்வர நினைக்கும் இளம் தம்பதியரும், அங்கே ஒரு நாடகமாவது பார்த்துவிட வேண்டும் என்று பயணத் திட்டத்தில் எழுதி வைக்கிறார்கள். அந்த டிக்கெட்டை இங்கிருந்தே வாங்கிவிடுவதா, அங்கே இறங்கியபின் வாங்கிக்கொள்வதா என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சிலர் பயணத் தேதியே உறுதியாகாத நிலையில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டு, எஞ்சிய இருக்கைகளில் குடும்பத்தில் ஆளுக்கொரு மூலையில் அமர்கிறார்கள், அல்லது பார்க்காமலே திரும்புகிறார்கள்.

நம் ஊர்ப் பழக்கம் இதற்குப் போதுமான பயிற்சியைத் தருவதில்லை. ஜே.பி. நகரில் 2004-இல் திறக்கப்பட்ட ரங்க சங்கராவில் ஒரு நாடகத்துக்குப் போவதென்றால் அந்த வாரத்தில் முடிவெடுத்தால் பெரும்பாலும் போதும், மாலை 7.30 மணிக்குக் கதவு அடைபடுவதற்குள் போய்ச் சேர்வதுதான் உண்மையான கவலை. டிக்கெட் சில நூறு ரூபாய், போக முடியாவிட்டால் இழப்பும் அவ்வளவே. லண்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியில் ஏறக்குறைய நாற்பது அரங்குகள் இருக்கின்றன. ஒரே அரங்கில் ஒரே மாலையில் 25 பவுண்டு இருக்கையும் 100 பவுண்டைத் தாண்டிய இருக்கையும் உண்டு. அந்த விலையும் நிலையானதன்று, விற்பனையின் வேகத்தைப் பார்த்து ஏறவும் இறங்கவும் செய்யும். நால்வர் நடுத்தர இருக்கைகளில் அமர்ந்தாலே எளிதில் 250, 300 பவுண்டு ஆகிவிடும். ஆகவே எதை எப்போது வாங்குவது என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிப்பது வீண்வேலை இல்லை.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்காமல் திரும்பினால் மனம் வருந்தும் என்று நீங்கள் நினைக்கும் ஒரே ஒரு நாடகத்தைத் தேர்ந்தெடுத்து, விசா கையில் கிடைத்தவுடன் அதற்கு மட்டும் டிக்கெட் வாங்குங்கள். மற்றவற்றை லண்டனில் இறங்கிய பிறகு, அந்த வாரத்தின் நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த விதிக்கு விலக்குகளும் உண்டு. அவை உங்கள் நாடகத்தின் வகை, நீங்கள் போகும் மாதம், உடன் வருவோரின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தவை.

விசாவை முதலில் வைப்பதற்குக் காரணம் பணம். லண்டன் நாடக டிக்கெட்டுகளைப் பொதுவாகத் திருப்பித் தர முடியாது. காட்சியையே அரங்கம் ரத்து செய்தால் பணம் திரும்பும். உங்கள் விசா தாமதமானால் திரும்பாது, உங்கள் விமானம் தாமதமானாலும் திரும்பாது. பார்வையாளர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் விண்ணப்பிக்க இயலும். கைரேகையும் படமும் கொடுத்த பின் வழக்கமாக மூன்று வாரங்களில் முடிவு வந்துவிடும் என்கிறார்கள், ஆனால் விடுமுறைக் காலத்தில் அதை நம்பி நாள் குறிப்பது சரியன்று. தாமதிக்காமல் விண்ணப்பிப்பவருக்கு விசா கிடைக்கும்போது பயணத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் மீதி இருக்கும். பெரும்பாலான நாடகங்களுக்கு அந்த இரண்டு மாத அவகாசம் தாராளமாகப் போதும். விசாவுக்கு முன்பே வாங்கியாக வேண்டிய நாடகங்கள் மிகச் சில. அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

லண்டன் நாடகங்களை, டிக்கெட் வாங்குபவரின் கண்ணால் பார்த்தால், மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவை. 1952-இல் தொடங்கி, பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் நின்று, மீண்டும் தொடர்ந்த தி மௌஸ்ட்ராப் என்னும் துப்பறியும் நாடகமும், 1999 முதல் லைசியம் அரங்கில் நடந்துவரும் தி லயன் கிங் என்னும் இசை நாடகமும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு வாரம் எட்டுக் காட்சிகள் நடப்பது வழக்கம். லைசியம் இரண்டாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய பெரிய அரங்கு. இப்படிப்பட்ட இடத்தில் டிக்கெட்டே கிடைக்காமல் போவது அரிது. அப்படியானால் ஏன் முன்கூட்டி வாங்க வேண்டும் என்று கேட்கலாம். டிக்கெட் கிடைக்கும், ஆனால் நல்ல இருக்கை நல்ல விலையில் கிடைக்குமா என்பதே கேள்வி. விலை குறைவாகவும் பார்வை தெளிவாகவும் உள்ள இருக்கைகள் ஒவ்வொரு அரங்கிலும் கொஞ்சமே இருக்கின்றன. விவரம் தெரிந்த லண்டன்வாசிகள் அவற்றைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எஞ்சுபவை, மிக விலையுயர்ந்த நடு இருக்கைகளும், தூணுக்குப் பின்னாலும் மேல்மாடத்தின் விளிம்பிலும் உள்ளவையும்தான். ஆகவே நீண்டகால நாடகத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் வாங்குவது பொருத்தமானது. அதைவிட முன்னால் வாங்குவதில் தவறில்லை என்றாலும் பெரிய லாபமும் இல்லை.

இரண்டாவது, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் நடப்பவை. திரைப்படத்தில் புகழ்பெற்ற ஒரு நடிகரோ நடிகையோ பத்துப் பன்னிரண்டு வாரங்கள் மேடையில் நடிக்க ஒப்புக்கொண்டிருப்பார். அந்த அறிவிப்பு வந்த நாளிலேயே கூட்டம் இணையத்தில் முண்டியடிக்கும். சிறிய அரங்குகளில் நடக்கும் புதிய தயாரிப்புகளும் இப்படித்தான். காவண்ட் கார்டன் பகுதியில் உள்ள டான்மார் வேர்ஹவுஸ் அரங்கில் 250 பேர்தான் அமர முடியும். இஸ்லிங்டனில் உள்ள அல்மெய்டாவில் முந்நூற்றுச் சொச்சம். திருப்பதி சிறப்பு தரிசனத்துக்கு ஒதுக்கீடு வெளியாகும் காலையில் நாம் எப்படிக் கணினியின் முன் தயாராக உட்கார்ந்திருக்கிறோமோ, அப்படித்தான் இவற்றின் பொது விற்பனை தொடங்கும் நேரத்திலும் உட்கார வேண்டும். உறுப்பினர்களுக்கு முதலில், பொதுமக்களுக்குப் பிறகு என்ற வரிசையில் விற்பனை நடப்பதால், மனம் ஒன்றிய நாடகம் ஒன்று உண்டென்றால் அந்த அரங்கின் மின்னஞ்சல் அறிவிப்பில் முன்கூட்டியே பெயரைப் பதிந்துவைப்பது நல்லது.

விசாவுக்கு முன்பே வாங்க வேண்டிய கட்டாயம் வருவது இந்த இரண்டாம் வகைக்குத்தான். அப்போது உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பணம் முழுவதும் போய்விட்டாலும் தாங்கிக்கொள்ள முடியுமா? முடியுமென்றால், விலை உயர்ந்த இருக்கையைத் தவிர்த்து, இரண்டு டிக்கெட்டுகள் மட்டும், மலிவான இடத்தில் வாங்குங்கள். முடியாதென்றால் விட்டுவிடுங்கள். தேதி மாற்றித் தரும் வசதியோ, பணத்தை வேறொரு நாடகத்துக்குப் பயன்படுத்த வரவு வைக்கும் வசதியோ சில அரங்குகளில் உண்டு. குறிப்பாக அரசு மானியத்துடன் இயங்கும் பொது அரங்குகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். அந்த விதியைப் படித்துப் பார்த்த பின்பே பணத்தைக் கட்ட வேண்டும். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள்: ஒரு நடிகருக்காகவே டிக்கெட் வாங்கி, அன்றைக்கு அவர் உடல்நலமின்றி வராமல் மாற்று நடிகர் நடித்தால், லண்டனில் பொதுவாகப் பணம் திரும்பாது. சில இசை நாடகங்களில் முதன்மை நடிகர் வாரத்தின் எல்லாக் காட்சிகளிலும் தோன்றுவதில்லை. எந்தக் காட்சியில் இல்லை என்பதை அரங்கின் இணையதளமே சொல்லிவிடும். வாங்கும்முன் அந்த வரியைத் தேடிப் படிப்பது நடிகருக்காகப் போகிறவர்களின் கடமை.

மூன்றாவது வகைக்கு முன்பதிவே அவ்வளவாகத் தேவையில்லை. தேம்ஸ் கரையில் 1997-இல் மீண்டும் எழுப்பப்பட்ட ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில், கூரையில்லாத முற்றத்தில் நின்றுகொண்டு பார்க்க ஏறக்குறைய 700 பேருக்கு இடம் உண்டு. அந்த டிக்கெட்டுகள் பல ஆண்டுகள் 5 பவுண்டுக்கே விற்கப்பட்டன. இன்றும் லண்டனில் மிக மலிவாகக் கிடைக்கும் நாடக டிக்கெட்டுகளில் அவை சேரும். வசந்தத்திலிருந்து அக்டோபர்வரை நடக்கும் அந்தப் பருவத்தில், மழை பெய்தாலும் நாடகம் நிற்காது, குடை பிடிக்கவும் அனுமதியில்லை. அதனால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாள் முன்பு வாங்குவதே புத்திசாலித்தனம். மூட்டுவலி உள்ள பெரியவர்களை மூன்று மணி நேரம் நிற்க வைக்கக் கூடாது. அவர்களுக்குக் கூரையின் கீழ் பலகை இருக்கைகள் உண்டு. அவை சீக்கிரம் போய்விடும், ஆகவே அவற்றை மட்டும் முன்பே வாங்க வேண்டும்.

அடுத்து மாதமும் நாளும். லண்டன் அரங்குகளில் விலையை ஏற்றுவது அங்குள்ள பள்ளி விடுமுறை என்பதை நாம் இங்கிருந்து கவனிப்பதில்லை. ஈஸ்டரை ஒட்டிய இரண்டு வாரங்கள், மே மாதத்தின் கடைசி வாரம், ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் முழுவதும், அக்டோபரின் பிற்பகுதியில் ஒரு வாரம், கிறிஸ்துமஸையொட்டிய நாள்கள், பிப்ரவரி நடுவில் ஒரு வாரம் ஆகியவை அங்கே குடும்பங்கள் அரங்குக்கு வரும் காலம். பெங்களூரில் பல பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறப்பதால், நம் குடும்பங்கள் பயணத்தை மே மாதக் கடைசியில் வைக்கும் பழக்கம் உண்டு. அந்த ஒரு வாரத்தில்தான் லண்டன் குழந்தைகளுக்கும் அரைப்பருவ விடுமுறை. அதே பயணத்தை மே இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்துக்கு முன்னே நகர்த்தினால், அதே இசை நாடகத்துக்கு நல்ல இருக்கை குறைந்த விலையில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கடைசி வாரம்தான் முடியும் என்றால் விசா வந்த அன்றே வாங்கிவிட வேண்டும். தசரா விடுமுறையில் போகிறவர்களுக்குச் சாதகம் அதிகம். அது பல ஆண்டுகளில் லண்டனின் அக்டோபர் விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடும். அப்போது வாரநாள் காட்சிகளுக்கு அவசரமே இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்களுக்கு, லண்டன் அரங்குகளின் சங்கமே புத்தாண்டுத் தள்ளுபடி விற்பனை நடத்துகிறது. டிசம்பரில் அதற்காகக் காத்திருக்கலாம்.

ஆகஸ்டுக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. கிட்ஸ் வீக் என்ற பெயரில், முழுக் கட்டணம் செலுத்தும் ஒரு பெரியவருடன் 17 வயதுவரை உள்ள ஒரு குழந்தைக்கு இலவச டிக்கெட் தரும் திட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. பெயர் வாரம் என்றாலும் ஏறக்குறைய மாதம் முழுவதும் அது நீளும். பெங்களூரில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் பள்ளி இருக்கும். ஆனால் லண்டனில் இருக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போன தாத்தா பாட்டிக்கு இது பொன்னான வாய்ப்பு. அதன் விற்பனை பெரும்பாலும் ஜூனில் தொடங்குவதால், ஜூனிலேயே தயாராக இருக்க வேண்டும். ஆகஸ்டில் போய்க் கேட்டால் நல்ல காட்சிகள் முடிந்திருக்கும். மூன்று, நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளைப் பல அரங்குகள் அனுமதிப்பதே இல்லை என்பதையும், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற நம் வழக்கம் அங்கே செல்லாது என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நலம்.

வாரத்தில் எந்த நாள் என்பது விலையை மட்டும் தீர்மானிப்பதில்லை. வெள்ளி, சனி மாலைகள் எப்போதும் விலை கூடியவை. கடைசி நேரத் தள்ளுபடி அவற்றுக்கு வருவது மிக அரிது. திங்கள் முதல் வியாழன்வரை மாலைக் காட்சிகளும், புதன் அல்லது வியாழன் பிற்பகல் காட்சிகளும் பொறுத்திருந்து வாங்க ஏற்றவை. ஞாயிறு அன்று பல அரங்குகளுக்கு விடுமுறை, சில அரங்குகளுக்குத் திங்களும் விடுமுறை. இதைக் கவனிக்காமல் ஞாயிறு மாலையை நாடகத்துக்கென ஒதுக்கிவைத்து, அங்கே போய்த் தேடுபவர்கள் உண்டு.

பயணத்தின் எத்தனையாவது நாளில் நாடகத்தை வைப்பது என்பதைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பணம் கொடுத்த டிக்கெட் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை இந்தியா லண்டனைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம். லண்டனில் மாலை 7.30-க்குத் திரை விலகும்போது கோடையில் உங்கள் உடலுக்கு நள்ளிரவு 12 மணி. நாடகம் முடியும்போது விடியற்காலை மூன்று. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல். பெங்களூரிலிருந்து நேர் விமானமே பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. இறங்கிய அன்றோ மறுநாளோ மாலைக் காட்சிக்கு அமர்ந்தால், இருட்டிய அரங்கில் முதல் அங்கம் முடிவதற்குள் கண் சொருகிவிடும். பிற்பகல் 2.30 காட்சி கோடையில் உங்கள் உடலுக்கு மாலை 7 மணி. அதாவது சௌடையா அரங்கில் கச்சேரிக்கு உட்கார்ந்திருக்கும் நேரம். ஆகவே முதல் மூன்று நாள்களுக்குள் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பிற்பகல் காட்சியை வாங்குங்கள். மாலைக் காட்சியை நான்காம் நாளுக்குப் பிறகு வையுங்கள். இறங்கும் நாளுக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் டிக்கெட் வாங்காதீர்கள்.

இன்னொரு கணக்கு, எத்தனை பேர் சேர்ந்து போகிறீர்கள் என்பது. தனியாகவோ இருவராகவோ போகிறவர்கள் காத்திருக்கலாம். லண்டனின் கடைசி நேர ஏற்பாடுகள் எல்லாம் அவர்களுக்காகவே அமைந்தவை போலிருக்கும். அன்றன்றைக்கு வெளியிடப்படும் மலிவு டிக்கெட்டுகளை ஒருவர் பெரும்பாலும் இரண்டுக்கு மேல் வாங்க முடியாது. அவை பக்கத்துப் பக்கத்து இருக்கைகளாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பம், அதில் இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி என்றால் காத்திருப்பது பொருந்தாது. பாட்டிக்குப் படியேற முடியாது என்றால் இன்னும் கவனம் தேவை. வெஸ்ட் எண்ட் அரங்குகளில் பல, நூறாண்டுக்கு மேற்பட்ட கட்டடங்கள். மேல்மாடங்களுக்குச் செங்குத்தான படிகளே வழி, மின்தூக்கி இல்லாத இடங்கள் உண்டு, கால் நீட்டவும் இடம் குறைவு. ஸ்டால்ஸ் எனப்படும் தரைத்தளத்தில் ஓரத்து இருக்கைகளே வசதி. அதற்கும் சில அரங்குகளில் படி இறங்க வேண்டியிருக்கும் என்பதால், வாங்குமுன் அரங்கின் உதவித் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் அவர்களுடன் துணைக்கு வருபவர்களுக்கும் பல அரங்குகள் சலுகை விலையில் தனி இடங்கள் வைத்திருக்கின்றன; அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதால் முதலில் பதிய வேண்டியவை அவைதான். ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் மேடை எப்படித் தெரியும் என்று பார்வையாளர்களே எடுத்த படங்களை சீட்பிளான் என்ற இணையதளத்தில் பார்க்கலாம்.

ஆங்கில உச்சரிப்பு பெரியவர்களுக்குப் பிடிபடுமா என்ற கவலையும் நம் வீடுகளில் எழும். இங்கே ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கும் அப்பாவுக்குக்கூட மேடையில் வேகமாகப் பேசப்படும் வட்டார ஆங்கிலம் பிடிபடாமல் போகலாம். இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு அங்கே இருக்கிறது: காது கேளாதோருக்காக, வசனத்தை மேடையருகே திரையில் எழுத்தாகக் காட்டும் காட்சிகளைப் பல அரங்குகள் நடத்துகின்றன. நம் பெரியவர்களுக்கும் அது பெரிதும் உதவும். ஆனால் ஒரு நாடகத்துக்கு இப்படிப்பட்ட காட்சிகள் ஓரிரு நாள்களில் மட்டுமே இருக்கும். ஆகவே அந்தத் தேதியை முதலில் கண்டுபிடித்து, திரை நன்றாகத் தெரியும் இருக்கையை அரங்கிடம் கேட்டு வாங்கி, மற்ற ஊர்சுற்றல்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன்; மே மூன்றாவது வாரம் ஞாயிறு அன்று லண்டனில் இறங்கி அடுத்த ஞாயிறு திரும்புகிறார்கள். பிப்ரவரி இறுதியிலோ மார்ச் முதல் வாரத்திலோ விசாவுக்கு விண்ணப்பித்து, ஏப்ரல் தொடக்கத்தில் பாஸ்போர்ட் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரத்திலேயே, குழந்தைகள் ஆசைப்படும் பெரிய இசை நாடகத்துக்கு, புதன் பிற்பகல் காட்சியில் நான்கு இருக்கைகள் சேர்ந்தாற்போல் வாங்க வேண்டும். புதன் பிற்பகல் என்றால் நேர வேறுபாட்டின் தொல்லையும் இல்லை, அங்கே பள்ளி நாள் என்பதால் கூட்டமும் குறைவு, மாலை ஆறு மணிக்குள் வெளியே வந்துவிடலாம். வெள்ளி மாலையை எதற்கும் ஒதுக்காமல் வைத்துக்கொண்டு, வியாழன் அன்று வானிலையைப் பார்த்து, மகளை மட்டும் அழைத்துக்கொண்டு குளோப் முற்றத்துக்குப் போவதா என்று முடிவெடுக்கலாம். கணவனும் மனைவியும் முறைவைத்து ஒரு மாலை தனியே நல்ல நாடகம் ஒன்று பார்க்க விரும்பினால், அதை முன்கூட்டி வாங்கத் தேவையே இல்லை. அதற்கான வழி அடுத்து வருகிறது.

மூன்று, நான்கு மாதங்கள் பிள்ளைகளுடன் தங்கப் போகும் பெற்றோருக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு நேரம் தாராளம். இங்கிருந்தே எதையும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். வாரநாள் பிற்பகல் காட்சிகள் அவர்களுக்கென்றே நடப்பவை என்று சொல்லலாம். வேலைக்குப் போகும் மகனோ மகளோ உடன் வர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ தங்கியிருப்பவர்கள், இரவு பத்தரை மணிக்கு அரங்கை விட்டு வெளியே வந்து ரயில் பிடிப்பதைவிட, மாலை வெளிச்சத்தில் வீடு திரும்புவதையே விரும்புவார்கள்.

இனி, காத்திருப்பதை எப்படி நன்றாகச் செய்வது என்று பார்ப்போம். லெஸ்டர் சதுக்கத்தில் டிகேடிஎஸ் என்ற பெயரில் ஒரு டிக்கெட் கவுன்ட்டர் இருக்கிறது. லண்டன் அரங்குகளின் சங்கமே 1980 முதல் நடத்திவருவது. அன்றைக்கும் அடுத்த சில நாள்களுக்குமான காட்சிகளின் டிக்கெட்டுகள், பல நேரங்களில் குறைந்த விலையில், அங்கே கிடைக்கும். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் தள்ளுபடி என்று பலகை வைத்திருக்கும் வேறு கடைகளை அதுவென்று எண்ணிவிடக் கூடாது. சதுக்கத்தின் தென்புறம் தனியாக நிற்கும் சிறு கட்டடமே அது. எந்த நாடகத்துக்கு இன்று என்ன விலை என்பதை அவர்களுடைய இணையதளத்திலேயே பார்த்துவிட்டுப் போகலாம். டுடேடிக்ஸ் என்ற செயலியில், அன்றைய காட்சிக்கான மலிவு டிக்கெட்டுகள் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு வெளியாகும். செயலியைப் பெங்களூரிலேயே நிறுவி, கணக்கைத் தொடங்கி, அட்டை விவரத்தையும் பதிந்துவைத்தால்தான் அந்த நேரத்தில் கை வேகமாக ஓடும்.

தேம்ஸின் தென்கரையில் உள்ள நேஷனல் தியேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே கட்டடத்தில் மூன்று அரங்குகள் இருப்பதால் பெரும்பாலும் ஒரே வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடகங்கள் அங்கே நடக்கும், நடிப்பின் தரமும் மிக உயர்ந்தது. ஒவ்வொரு வெள்ளியன்றும் லண்டன் நேரம் பிற்பகல் 1 மணிக்கு, அடுத்த வாரக் காட்சிகளுக்கு 10 பவுண்டு டிக்கெட்டுகளை அவர்கள் இணையத்தில் வெளியிடுகிறார்கள். ஹவுஸ்ஃபுல் என்று அறிவிக்கப்பட்ட நாடகங்களுக்கும் இது உண்டு. லண்டன் 1 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. சனி இரவு விமானம் ஏறுகிறவர் வெள்ளி மாலை பெங்களூரில் தம் வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம். காவண்ட் கார்டனில் உள்ள ராயல் ஓபரா ஹவுஸும் வெள்ளிக்கிழமை 1 மணிக்கு அடுத்த வாரத்துக்கான டிக்கெட்டுகளை இதே போல் விடுகிறது. மேற்சொன்ன கணவனும் மனைவியும் இதைத்தான் முயல வேண்டும்.

எங்கே வாங்குவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரங்கின் சொந்த இணையதளமே முதல் தேர்வு. முகவர் மூலம் வாங்கினால், ஸ்டார் என்னும் டிக்கெட் விற்பனையாளர் சங்கத்தின் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். தேடுபொறியில் முதலில் விளம்பரமாக வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளங்களில், அரங்கிலேயே காலியாக இருக்கும் இருக்கைக்கு இரண்டு மடங்கு விலை கேட்பதும் உண்டு. பணம் கட்டுவதில் நம்மவர் தடுமாறுவது இரண்டு இடங்களில். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல், புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்களே இயக்கிவைக்க வேண்டும். வெள்ளி மாலை 5.30-க்கு அதைத் தேடிக்கொண்டிருந்தால் டிக்கெட் போய்விடும். அடுத்தது, ரூபாயில் செலுத்துகிறீர்களா என்று தளம் கேட்டால் மறுத்து, பவுண்டிலேயே செலுத்துங்கள். அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் பொதுவாக நமக்கு நட்டமாகவே இருக்கும். பல அட்டைகளில் வங்கி தன் பங்குக்கு 2 முதல் 3.5 சதவீதம்வரை கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும் என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். லண்டனில் இருந்துகொண்டு வாங்குவதென்றால், ஓடிபி வரும் இந்திய எண் அங்கே ரோமிங்கில் செயல்பட வேண்டும். இல்லையெனில் அங்குள்ள பிள்ளைகளின் அட்டையே கைகொடுக்கும்.

கடைசியாக, முற்றிலும் விற்றுத் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கண்டு நின்றுவிட வேண்டியதில்லை. ஊருக்கு வர முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட்டுகளும், தயாரிப்பாளர் விருந்தினருக்கென நிறுத்திவைத்துப் பின் விடுவிக்கும் இருக்கைகளும், காட்சிக்கு முந்தைய ஒரு வாரத்தில் ஒன்றிரண்டாக அரங்கின் இணையதளத்தில் தோன்றும். காலையிலும் இரவிலும் ஒரு முறை பாருங்கள். அன்றைக்கும் கிடைக்கவில்லை என்றால், அரங்கின் கவுன்ட்டருக்கு நேரில் போய், திரும்பிவரும் டிக்கெட்டுக்கு வரிசை உண்டா, எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேளுங்கள். ஒற்றை இருக்கைக்குத் தயாராக இருப்பவர் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் அந்த வரிசையில் நின்றால், பெரும்பாலான வாரநாள்களில் உள்ளே போய்விடலாம்.